வாரப் பாட வகுப்புக்குப் போகப் போகத் தங்கை எங்களை விட்டு விலகுகிறாள்: இந்த வேதபாட முறை எப்படி வேலை செய்கிறது?

கோதையாறு | ஞாயிறு இரவு 9.10

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். தங்கையைக் கருங்கல் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. வீட்டில் அவளும் பெண்பிள்ளையும் மட்டும்தான். போன வருடம் ஒரு மத்தியானம் இரண்டு பெண்கள் வந்து, வேதத்தில் சந்தேகம் இருந்தால் சேர்ந்து படிக்கலாம், காசு எதுவும் வேண்டாம் என்று பேசியிருக்கிறார்கள். நல்ல பெண்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர்களும் அவர்கள்தான்.

முதலில் வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம். இப்போது வகுப்பு, கூட்டம், வகுப்புக்கு முன்தயாரிப்பு என்று வாரம் முழுக்க அதிலேயே போகிறது. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வருவதில்லை. அம்மாவின் நினைவுநாள் ஜெபத்துக்கும் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் சிஎஸ்ஐ உண்டு, கத்தோலிக்கர் உண்டு, அம்மா வழியில் அய்யாவழிக்காரர்களாகச் சாமித்தோப்புக்குப் போகிறவர்களும் உண்டு. கிறிஸ்துமஸ் பலகாரம் எல்லா வீட்டுக்கும் போகும். அதனால் அவள் வேறு சபைக்குப் போனது எனக்குப் பிரச்சினையே இல்லை.

அவளுடைய பாடப் புத்தகத்தைப் பார்த்தேன். சின்னச் சின்னப் பத்தி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கேள்வி. பதில் வரும் வரியை ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருக்கிறாள். புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியை நான் கேட்டேன். “அது பின்னால் ஒரு பாடத்தில் வரும் அண்ணே, இப்போதே கேட்டால் குழப்பம்தான் வரும்” என்றாள். எம்எஸ்சி படித்த பிள்ளை. சின்ன வயதில் என்னைக் கேள்வி கேட்டே கொன்றவள்.

குழுவின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எந்தக் குழு என்பதைவிட இந்த முறை ஒரு ஆளை எப்படி மாற்றுகிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பழையாறு | ஞாயிறு இரவு 10.35

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியே தலை நரைத்தவன் நான். அதனால் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மாதிரிக்கு நானே ஒரு பத்தி எழுதுகிறேன். “உண்மையை நேசிப்பவர்களுக்கு எதிர்ப்பு வரும். அது பெரும்பாலும் சொந்த வீட்டாரிடமிருந்தே வரும்.” கீழே கேள்வி: “உண்மையை நேசிப்பவர்களுக்கு எதிர்ப்பு எங்கிருந்து வரும்?” பதில்: “சொந்த வீட்டாரிடமிருந்து.” முடிந்தது. எதிர்ப்பு ஏன் வருகிறது, வீட்டார் சொல்வதில் நியாயம் இருக்குமா, இதுதான் உண்மை என்று யார் முடிவு செய்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க இடமும் இல்லை. கேள்வி எழுதும்போதே பதிலும் முடிவாகிவிட்டது. படிப்பவருக்கு மட்டும், தானே யோசித்துக் கண்டுபிடித்தது போலத் தோன்றும்.

அடுத்த வாரம் நீங்கள் போய்த் தங்கையைச் சத்தம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். பாடம் சொன்னது பலித்துவிட்டது. அவள் மனதில் அந்தப் புத்தகத்தின் மதிப்பு இன்னும் ஏறிவிடும்.

இந்த முறையைத் திறந்த வெளியில் பார்க்கலாம், ரகசியம் எதுவும் இல்லை. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் வெளியிடும், 1879-இல் தொடங்கிய காவற்கோபுரம் பத்திரிகையின் படிப்புக் கட்டுரைகள் இந்த வடிவில்தான் இருக்கும். பத்திகளுக்கு எண், ஒவ்வொன்றுக்கும் கேள்வி. வாரக் கூட்டத்தில் ஒருவர் பத்தியைச் சத்தமாக வாசிப்பார், நடத்துபவர் அச்சிட்ட கேள்வியைக் கேட்பார், சபையில் கை தூக்குபவர்கள் பதில் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளும் கை தூக்குவார்கள். ஒரு வாரத்துக்கு உலகம் முழுக்க ஒரே கட்டுரை. மார்த்தாண்டத்தில் சொல்லும் பதிலைத்தான் மெக்சிகோவிலும் சொல்வார்கள்.

வாய்விட்டுச் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. காதால் கேட்டதை நாம் மறக்கலாம். பத்துப் பேர் முன்னால் நம் வாயால் சொன்னதை மறுப்பது கஷ்டம். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-இல் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மற்ற மூன்றில் எது என்று கேட்பார். அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள், ஒன்றுபோலத் தப்பான பதிலைச் சொல்வார்கள். கண்ணுக்கு முன்னால் சரியான பதில் தெரிந்தும், ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை அந்த ஒருவரும் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார். கோட்டின் நீளத்துக்கே இப்படி என்றால் கடவுள் விஷயத்தில் என்ன ஆகும்?

அதே சோதனையின் இன்னொரு பாதிதான் உங்களுக்கு முக்கியம். அறையில் ஒரே ஒரு ஆள் மாற்றிச் சொன்னால் போதும், கூட்டத்தோடு போவது மளமளவென்று குறைந்துவிட்டது. தங்கையோடு சண்டை போட்டு உறவை முறித்துவிடாதீர்கள். அந்த ஒரு ஆளாக நீங்கள் இருந்தாக வேண்டும்.


வேளிமலை | ஞாயிறு இரவு 11.02

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? ஊர்க்காரர்கள் நாலு பேர் நின்று, இனி இந்தத் தெருவுக்குள் வரக்கூடாது என்று சொன்னால் முடிந்தது. எங்கள் பக்கம் அப்படித்தான் செய்தார்கள். இந்த மாதிரிக் குழுக்களை அரசாங்கமே தடை செய்ய வேண்டும்.


மட்டுறுத்துநர் | திங்கள் காலை 7.15

வேளிமலை அண்ணே, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஆளைத் துரத்தும் பேச்சை இந்த இழையில் அனுமதிக்க முடியாது.

இரண்டு விஷயம். 1985-இல் கேரளத்தில் தேசிய கீதம் பாடவில்லை என்று யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர்கள் எழுந்து மரியாதையாக நின்றார்கள், பாட்டை மட்டும் பாடவில்லை. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நம்பவும் நம்பியதைச் சொல்லவும் இந்த நாட்டில் எல்லோருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமை இல்லையென்றால் நம் மாவட்டத்தில் பாதிக் கோயிலும் சபையும் பதியும் வந்திருக்காது.

இரண்டாவது, 2023 அக்டோபர் 29 அன்று களமசேரியில் அவர்களுடைய மாநாட்டில் குண்டு வெடித்தது. ஒரு சிறுமி உட்படப் பலர் செத்தார்கள். நான்தான் வைத்தேன் என்று போலீசில் சரணடைந்தவர், தானும் ஒரு காலத்தில் அந்தச் சபையில் இருந்ததாகச் சொன்னார். வெறுப்புப் பேச்சு எங்கே போய் முடியும் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டாம். 1982-இல் மண்டைக்காட்டு மதக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது.

முறையை விமர்சியுங்கள், எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும். மனிதர்களை விட்டுவிடுங்கள்.


மருந்துவாழ்மலை | திங்கள் காலை 9.40

ஞாயிறு பள்ளியில் பல வருடமாகப் பாடம் எடுக்கிறேன். பழையாறு சார் எழுதியதைப் படித்ததும் மனதில் ஒரு உறுத்தல். நாங்களும் கேள்வி பதில்தான் நடத்துகிறோம். ‘உன்னைப் படைத்தவர் யார்?’ என்று கேட்டால் பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்லும். லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசமே கேள்வி பதில்தான். சவேரியார் 1544-இல் நம் கடற்கரை வழியாக வந்தபோது, ஜெபங்களைத் தமிழில் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்துத்தான் போனார். திடப்படுத்தல் வகுப்பு, மறைக்கல்வித் தேர்வு, விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி எல்லாம் இதே வழிதான். மதரசாவிலும் மனப்பாடம் உண்டு. அப்படியானால் எல்லோரும் மூளைச்சலவைக்காரர்களா? கோட்டை எங்கே கிழிப்பீர்கள் சார்?


பழையாறு | திங்கள் மாலை 5.20

நல்ல கேள்வி டீச்சர். கேள்வி பதில் வடிவத்தை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நான் பார்ப்பது அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை.

உங்கள் வகுப்பில் ஒரு பையன் ‘எனக்கு இதில் நம்பிக்கை இல்லை டீச்சர்’ என்றால் என்ன நடக்கும்? நீங்கள் கொஞ்சம் வருத்தப்படுவீர்கள், அவன் அம்மாவிடம் சொல்வீர்கள். மறுநாள் அவன் பக்கத்து வீட்டுப் பையனோடு பந்து விளையாடுவான். பத்து வருடம் கோயில் பக்கமே போகாமல் இருந்துவிட்டுக் கல்யாணத்துக்கு ஓலை வாங்க வருவான், கொடுப்பார்கள். அவனுக்கு யாரும் பேச்சை நிறுத்துவதில்லை.

கட்டுப்பாடு கூடிய குழுவில் அதே பையன் கேட்ட கேள்வி மேலே போகும். அவன் ‘ஆவிக்குரிய பலவீனம்’ உள்ளவன் ஆகிவிடுவான். வெளியேறினால் அப்பா அம்மாவே பழகுவதை நிறுத்துவார்கள். யெகோவாவின் சாட்சிகளில் நீக்கப்பட்டவரோடு சாதாரணமாகப் பழகக்கூடாது என்பது எழுதியே வைத்திருக்கும் விதி. 2024-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள், கூட்டத்துக்கு வந்தால் சுருக்கமாக வரவேற்கலாம் என்று. அவ்வளவுதான்.

இன்னொன்று, மற்றதைப் படிக்கலாமா என்பது. உங்கள் மாணவன் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு நாலு பேர் எழுதிய விளக்கத்தை வாங்கிப் படித்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அங்கே குழு வெளியிட்டதைத் தவிர மற்றது விஷம். விட்டுப் போனவர்கள் எழுதியது கொடிய விஷம்.

அய்யாவழிப் பதிகளில் ஏடு வாசிப்பு நடக்கும் தெரியுமா? ஊரே உட்கார்ந்து கேட்கும். தூங்குபவர் தூங்குவார், சந்தேகம் உள்ளவர் திண்ணையில் விவாதிப்பார். கேட்டு முடித்தவரிடம் யாரும் பரீட்சை வைப்பதில்லை. பழைய மதங்களில் இப்படி நிறைய வாசல் திறந்தே கிடக்கிறது.


முட்டம் கலங்கரை | திங்கள் இரவு 11.48

இதைப் பொதுவெளியில் இதுவரை எழுதியதில்லை. கோதையாறு அண்ணனுக்காக எழுதுகிறேன். நான் அப்படி ஒரு குழுவில் இருந்து வெளியே வந்தவள். பெயர் சொல்ல மாட்டேன். வேறு நகரத்தில் வேலைக்குப் போனபோது சேர்ந்தது.

தொடக்கம் வேதபாடமே அல்ல. பேருந்து நிறுத்தத்தில் ஒரு அக்கா கணக்கெடுப்பு என்று வந்து, ‘உங்களுக்கு மன அமைதி இருக்கிறதா’ என்று கேட்டாள். நம்பர் வாங்கினாள். ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்றதும் வீட்டிலிருந்து மீன்குழம்பு கொண்டு வந்தாள். ஊரைவிட்டுப் போய் முதல்தடவை வாய்க்குப் பிடித்துச் சாப்பிட்டது அன்றுதான். மாதக்கணக்கில் பழகிய பிறகுதான் ‘எனக்குத் தெரிந்த ஒருவர் அருமையாகப் பாடம் எடுப்பார்’ என்றாள்.

வகுப்பில் என் பக்கத்தில் இன்னொரு பெண், என்னைப் போலவே புதிதாக வந்தவள். எனக்கு வரும் சந்தேகம் அவளுக்கும் வரும். ஆசிரியர் விளக்கியதும் ‘இப்போதுதான் புரிகிறது’ என்று கண் கலங்குவாள். அவளைப் பார்த்து எனக்கும் கண் கலங்கும். அவள் பல வருடமாக உள்ளே இருப்பவள், என்னைப் பார்த்துக்கொள்ளவே உட்கார வைத்தவள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் அவளிடம் தனியாகச் சொன்ன பயம், வீட்டுக் கவலை எல்லாம் அடுத்த வகுப்பில் ஆசிரியர் வாயிலிருந்து வேத வசனமாக வரும். கடவுளே என்னோடு பேசுகிறார் என்று நினைத்தேன்.

விதைக்கிறவன் உவமை தெரியும் அல்லவா? வழியோரம் விழுந்த விதையைப் பறவைகள் பொறுக்கித் தின்னும். மத்தேயு 13. அதை இரண்டாவது மூன்றாவது வகுப்பிலேயே நடத்தினார்கள். இப்போது விழுந்திருப்பது விதை, வேர் பிடிக்கும் முன் வெளியே சொன்னால் பறவை வந்துவிடும். பறவை யார்? அம்மா, அப்பா, பாஸ்டர், யூடியூப். சொல்லாதே என்று அவர்கள் கட்டளையிடவே இல்லை. நானாகவே மறைக்கத் தொடங்கினேன். அம்மா போன் செய்தால் ஓவர்டைம் என்பேன். மறைக்க மறைக்க, அம்மாவிடம் பேச எனக்கு எதுவுமே இல்லாமல் போனது.

பாடம் ஒழுங்காக அடுக்கியிருக்கும். முதலில் யாருக்கும் மறுப்பு வராத விஷயம்: கடவுள் அன்பானவர், உலகம் கெட்டுக் கிடக்கிறது. அப்புறம் வேதத்தில் மறைபொருள் இருக்கிறது, சாதாரணமாகப் படித்தால் புரியாது. அப்புறம் அந்த மறைபொருளைத் திறக்க இந்தக் காலத்தில் ஒருவர் அனுப்பப்பட்டிருக்கிறார். அவர் யார் என்பது கடைசியில்தான். முதல் நாளே அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். ஒவ்வொரு பாடத்துக்கும் தலையாட்டி வந்ததால், கடைசிப் பாடத்தில் ‘இல்லை’ சொன்னால் முன்னால் சொன்ன ‘ஆம்’ எல்லாம் பொய் ஆகிவிடும். அதற்கு மனம் வரவில்லை.

பரீட்சையும் உண்டு. வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். தேறாதவர் திரும்ப எழுத வேண்டும். இரவு ஒரு மணிவரை படித்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போவேன். தூக்கம் இல்லாமல் யோசிக்க முடியாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. களைப்பையும் பக்தி என்றே நினைத்தேன்.


தென்கடல் | செவ்வாய் காலை 8.05

முட்டம் அக்கா, எழுதியதற்கு நன்றி. நான் சமூகவியல் படிக்கிறேன். நீங்கள் சொன்ன அமைப்பு தென்கொரியாவின் சின்சோன்ஜி என்ற மதக் குழுவைப் பற்றி வெளிவந்த விவரங்களோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறது. நீங்கள் இருந்தது அதுதான் என்று சொல்லவில்லை. லீ மான் ஹீ 1984-இல் தொடங்கியது. பெயர் சொல்லாமல் பழகுவது, அரை வருடத்துக்கு மேல் நீளும் மையப் பாடம், முடிவில் தேர்வு. 2020-இல் தேகு நகரத்தில் கொரோனா பரவியபோதுதான், தங்கள் பிள்ளைகள் அதில் இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிய வந்தது.

மதம் இல்லாமலும் இது நடக்கும். ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மாவோ காலத்துச் சீனாவில் ‘சிந்தனைச் சீர்திருத்தம்’ செய்யப்பட்டு வெளியே வந்த 40 பேரிடம் ஹாங்காங்கில் பேசி, 1961-இல் தன் ஆய்வை வெளியிட்டார். அங்கேயும் மையம் சிறிய படிப்புக் குழுதான். கொடுத்த ஆவணத்தை வாசிப்பது, சேர்ந்து விவாதிப்பது, சுயவிமர்சனம் எழுதுவது. விவாதம் என்று பெயர், ஆனால் எந்த முடிவுக்கு வர வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமானது. உன் அனுபவம் கோட்பாட்டோடு மோதினால் உன் அனுபவம்தான் தப்பு. இதை அவர் எட்டு அடையாளங்களில் ஒன்றாக வைத்தார்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. லண்டனில் ஐலீன் பார்க்கர் என்ற சமூகவியலாளர், கொரியாவின் சன் மியுங் மூன் தொடங்கிய மதக் குழுவின் பயிலரங்குகளை ஆராய்ந்தார். 1979-இல் போன ஆயிரம் பேருக்கு மேல் கணக்கெடுத்ததில், பத்தில் ஒன்பது பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பலர் சில வருடத்தில் தாங்களாகவே வெளியே வந்துவிட்டார்கள். இது மந்திரம் இல்லை. ஆளும் சூழலும் சேர்ந்தால்தான் பிடிக்கிறது. அதனால் ‘மூளைச்சலவை ஆகிவிட்டாள், இனி அவ்வளவுதான்’ என்று கோதையாறு அண்ணன் நினைக்க வேண்டாம்.


இரணியல் | செவ்வாய் பகல் 1.30

ஒரு வாரமாக வராமல் இன்றுதான் இதைப் படித்தேன். நீங்கள் பேசும் மாதிரியான ஒரு சபையில் நான் இருக்கிறேன். நான் குடித்துக் குடித்து ரப்பர் தோட்டக் கூலியெல்லாம் தொலைத்தவன். பொண்டாட்டி பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அப்போது என் வீட்டுக்கு வந்தவர்கள் இவர்கள் மட்டும்தான். என் பழைய சபையிலிருந்து வரிப்பணம் கேட்டு மட்டும் ஆள் வரும். வாரா வாரம் பாடம் படித்துத்தான் குடியை விட்டேன். இன்று குடும்பம் ஒன்றாக இருக்கிறது. அடிக்கோடு போடுகிறேன், கை தூக்குகிறேன், பதில் சொல்கிறேன். அதில் என்ன கேடு? எங்களை நோயாளிகள் மாதிரிப் பேசுவது கஷ்டமாக இருக்கிறது.


முட்டம் கலங்கரை | செவ்வாய் பகல் 2.45

அண்ணே, நீங்கள் குடியை விட்டது உண்மை. உங்கள் வீட்டுக்கு வந்தவர்களின் அன்பும் உண்மை. எனக்கு மீன்குழம்பு கொண்டு வந்த அக்காவின் அன்பும் பொய்யில்லை என்றே இன்றும் நம்புகிறேன். அவளும் அந்தப் பாடத்தைப் படித்து வந்தவள்தான்.

நம் ஊரின் பழைய சபைகள் மேல் நீங்கள் சொன்ன குறையும் சரி. ஆள் இல்லாத வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் இல்லை. ஆண்கள் வளைகுடாவில், பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும். மத்தியானம் கதவைத் தட்டி ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்பவர்களுக்குக் கதவு திறக்கத்தான் செய்யும்.

உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். பதில் இங்கே எழுத வேண்டாம். உங்கள் பொண்டாட்டி நாளைக்கு, ‘எனக்கு இந்தச் சபை வேண்டாம், ஆனால் உங்களோடுதான் இருப்பேன்’ என்று சொன்னால், சபை உங்களிடம் என்ன செய்யச் சொல்லும்?


குளச்சல் வாசல் | செவ்வாய் மாலை 6.10

கிறிஸ்தவர்களுக்குள் நடக்கும் விஷயம் என்று ஒதுங்கி இருந்தேன், முட்டம் அக்கா எழுதியதைப் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. என் சித்தி மகன் ஒரு டெலிகிராம் குழுவில் ‘மார்க்க வகுப்பு’ படித்தான். அதே வரிசை. முதலில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயம், அப்புறம் நம் ஊர் ஆலிம்களுக்கு எதுவும் தெரியாது, அப்புறம் தக்கலை பீரப்பா தர்காவுக்குப் போகும் சொந்த உம்மாவே வழிகெட்டவள். உம்மா ஆக்கிய சோற்றைச் சாப்பிட மாட்டேன் என்ற அளவுக்குப் போய், வாப்பா ஊரிலிருந்து வந்து பக்கத்திலேயே இருந்து மெல்ல மெல்லத்தான் மாறினான்.

என்னோடு வேலை செய்யும் நண்பரின் மனைவி ஒரு தியான வகுப்பில் சேர்ந்து இதே கதைதான். நிலை ஒன்று, நிலை இரண்டு என்று போகும், ஒவ்வொரு நிலையில் சொல்லிக் கொடுப்பதையும் வெளியே சொல்லக்கூடாது. காசும் ஏறிக்கொண்டே போகும்.


வேளிமலை | செவ்வாய் இரவு 8.20

சரி, துரத்தும் பேச்சை விடுகிறேன். ஆனால் ஒன்று புரியவில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவு, தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நாம். இவ்வளவு படித்தவர்கள் எப்படி விழுகிறார்கள்?


பழையாறு | செவ்வாய் இரவு 9.05

படித்தவர்கள் என்பதால்தான். பத்தி வாசித்துக் கேள்விக்குப் பதில் எழுதுவதற்குத்தானே நாங்கள் பள்ளிக்கூடத்தில் பழக்குகிறோம்? புத்தகத்தின் பின்பக்கக் கேள்விக்குப் பாடத்திலிருந்தே வரி எடுத்து எழுதினால் முழு மதிப்பெண். பாடமே தப்பாக இருக்குமோ என்று கேட்டவனுக்கு மதிப்பெண் கிடையாது. நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு அந்த வகுப்பு பழகிய இடமாகத் தெரியும். 1995-இல் டோக்கியோ ரயிலில் நச்சு வாயு வைத்த ஓம் ஷின்ரிக்யோ கூட்டத்தில் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் அறிவியல் படித்தவர்கள் இருந்தார்கள், ஒரு இதய அறுவை மருத்துவரும் இருந்தார்.

திரும்பத் திரும்பக் கேட்பது வேறு இருக்கிறது. ஒரு வாக்கியத்தைச் சில வார இடைவெளியில் மறுபடி கேட்டால், அது உண்மையோ பொய்யோ, உண்மையாகத் தோன்றுவது கூடுகிறது என்று 1977-இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். வாரம் மூன்று கூட்டம் வைப்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?


கோதையாறு | புதன் இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். முட்டம் சகோதரி, உங்களை எது வெளியே கொண்டு வந்தது? நான் தங்கையிடம் என்ன பேச வேண்டும், என்ன பேசக்கூடாது? தங்கை மகள் ஆறாம் வகுப்பு. அவளும் கூட்டத்தில் கை தூக்கிப் பதில் சொல்கிறாளாம். அதுதான் எனக்கு ராத்தூக்கம் கெடுக்கிறது.


முட்டம் கலங்கரை | புதன் இரவு 11.30

என் அப்பா கோபத்தில் என் புத்தகங்களைக் கிழித்தார். அந்த ஒரு நாளில் என்னை அவர்களிடம் முழுதாக ஒப்படைத்துவிட்டார். பாஸ்டரைக் கூட்டி வந்து வாதம் பண்ண வைத்தார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பதில் தயாராக இருந்தது, அதற்கென்றே பாடம் உண்டு. உபதேசத்தைத் தொடாதீர்கள் அண்ணே. அந்த மைதானம் அவர்களுடையது.

என்னை இழுத்து வந்தது என் பெரியம்மா. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி. வாரம் தவறாமல் போன் செய்வாள். சபையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். ‘மக்களே சாப்பிட்டியா, பலா காய்த்திருக்கு, உனக்கு வறுத்து வச்சிருக்கேன்’ அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தையில் பதில் சொல்லி வைத்துவிடுவேன். அவள் நிறுத்தவில்லை. உள்ளே எனக்கு முதல் சந்தேகம் வந்தபோது, அதை யாரிடம் சொன்னாலும் மேலே போகும் என்று தெரியும். அப்போது மனதில் வந்த ஒரே எண் அவளுடையது.

அப்புறம், கேட்கலாம், ஆனால் பதிலை எதிர்பார்க்காமல் கேளுங்கள். ‘நீ சின்ன வயதில் நிறையக் கேள்வி கேட்பாயே, அங்கே கேட்க விடுகிறார்களா?’ என்று ஒருதடவை கேட்டு, பேச்சை மாற்றிவிடுங்கள். அந்தக் கேள்வி அவளோடு தங்கும். அவள் பழைய தோழிகளை வீட்டுக்கு வர வையுங்கள். படித்த படிப்பு, பாடின பாட்டு, சமைத்த சமையல் என்று முன்பு அவள் யாராக இருந்தாளோ அதைப் பேசுங்கள்.

பிள்ளையைப் பற்றி: லீவுக்கெல்லாம் உங்கள் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். அவள் சபையைக் கேலி செய்ய வேண்டாம், உங்கள் பிள்ளைகளையும் செய்ய விடாதீர்கள். எதைக் கேட்டாலும் திட்டு விழாத ஒரு வீடு உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். முதலில் மாப்பிள்ளையிடம் பேசுங்கள். தகப்பன் இல்லாமல் மாமன் மட்டும் இறங்கினால் அது சொந்தக்காரர் சண்டையாகிவிடும்.


தென்கடல் | வியாழன் காலை 7.50

ஒரு சின்னச் சேர்க்கை. வங்கிக் கணக்கு, நகை, வீட்டுப் பத்திரம் இதெல்லாம் யார் பெயரில், யார் கையில் என்று மாப்பிள்ளையோடு சேர்ந்து அமைதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் குழுவும் பணம் பறிக்கும் என்று சொல்லவில்லை, பல குழுக்கள் வீட்டுப் படிப்புக்குக் காசே வாங்குவதில்லை. ஆனால் உலகம் சீக்கிரம் முடியப்போகிறது என்று நம்புபவர் எதிர்காலத்துக்குச் சேமிக்க மாட்டார். 1975-இல் முடிவு வரும் என்று எதிர்பார்த்து வீட்டை விற்ற குடும்பங்கள் யெகோவாவின் சாட்சிகளில் இருந்தன. 76 வந்தபோது வாடகை கொடுக்க வேண்டியது அவர்கள்தான்.


கோதையாறு | சனி இரவு 9.30

மாப்பிள்ளையிடம் நேற்று நீண்ட நேரம் பேசினேன். அவருக்கும் மனக்கஷ்டம் இருந்திருக்கிறது, வெளியே சொல்லவில்லை. டிசம்பரில் லீவுக்கு வருகிறார். தங்கையிடம் சபைப் பேச்சே எடுக்காமல் பிள்ளையை இரண்டு நாள் அனுப்பு என்று கேட்டேன், சரி என்றாள்.

புது விஷயம் ஒன்று. மாப்பிள்ளையையும் ஜூமில் படிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். தங்கைக்காகச் சேரலாமா, சேர்ந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்றாவது தெரியுமே என்று கேட்கிறார்.


முட்டம் கலங்கரை | சனி இரவு 10.20

தனியாக அங்கே இருந்துகொண்டு சேர வேண்டாம் அண்ணே. வேலை முடிந்து அறைக்கு வந்து பேச ஆளில்லாமல் இருப்பவருக்கு, வாரம் மூன்று தடவை அன்பாகப் பேச ஆள் கிடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அப்படியும் தங்கை மனம் நோகக்கூடாது என்று நினைத்தால், சேரும் முன் எழுத்தில் பதில் கேட்கச் சொல்லுங்கள். இந்தப் படிப்பை நடத்தும் அமைப்பின் முழுப் பெயர் என்ன, கடைசிப் பாடம்வரை உள்ள தலைப்புகளை இன்றே தர முடியுமா, படித்துக்கொண்டே வேறு சபை ஆசிரியரிடமும் இதைப் பற்றிக் கேட்கலாமா, படித்து முடித்து வேண்டாம் என்று முடிவு செய்தால் மனைவி தன்னோடு பழகுவதில் ஏதாவது மாற்றம் வருமா. இதையெல்லாம் தங்கையும் இருக்கும் அழைப்பிலேயே அவர் கேட்கட்டும். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதுங்கள், அதை வைத்து அடுத்தது யோசிக்கலாம்.